தோளில் வைத்த கை

கிறிஸ்துவைப் பின்பற்றும் வாழ்க்கையில் ஜெபமும் தன்னலமற்ற அன்பும் பிரியாதவை என்பார்கள். இரண்டும் எந்த இடத்தில் ஒன்று சேர்கின்றன என்பதுதான் எளிதில் பிடிபடுவதில்லை. வேலூரில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அந்தக் கேள்வியை ஓயவிடாமல் எழுப்புகிறது.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோய் கண்ட ஓர் இளைஞருக்குச் சிகிச்சையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே அந்த இளைஞரின் தோளில் கை வைத்தார். இளைஞர் விம்மி அழத் தொடங்கினார். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமா என்று உதவியாளரிடம் மருத்துவர் கேட்டார். பல ஆண்டுகளாக யாரும் தொடாத உடம்பு அது, தொட்டதால்தான் அழுகிறார் என்று பதில் வந்தது.

அந்தக் கை யோசித்து வைத்த கை அல்ல. ஆறுதல் சொல்ல வேண்டும், இயேசுவைப்போல் நடக்க வேண்டும் என்ற தீர்மானம் அதன் பின்னால் இல்லை. வைத்தவருக்கே அது பெரிதாகத் தெரியவில்லை. அழுகையைக் கண்ட பிறகுதான் தெரிந்தது.

பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸியும் தாய் ஈவ்லினும் அங்கே மிஷனரிகள். சிறு வயதில் கண்ட ஒரு காட்சியை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தொழுநோய் கண்ட மூன்று பேர் வீடு தேடி வந்தார்கள். தந்தை கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய புண்களுக்குக் கட்டுப் போட்டார். அவர்களுக்குப் பழம் வைத்துக் கொடுத்த கூடை பிறகு எரிக்கப்பட்டது. அன்பு அங்கே குறைவில்லை. அக்காலத்து அச்சமும் கூடவே இருந்தது. அந்தப் பிள்ளையின் கைதான் வளர்ந்து, அச்சத்தை மறந்து ஒருவர் தோளில் போய் அமர்ந்தது. இடையில் அந்தக் கைக்கு என்ன நேர்ந்தது?

மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு ஒரு தொழுநோயாளியைக் கை நீட்டித் தொடுகிறார். சுகம் வருவது அதன் பிறகு. நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தொலைவில் இருந்தே சொல்லால் குணமாக்கியவர் அவர். ஆகவே குணமாக்கத் தொடுதல் தேவைப்படவில்லை. அந்த மனிதருக்குத்தான் அது தேவைப்பட்டது.

தொழுநோய் மருத்துவத்தின் வரலாற்றிலும் ஒரு கை உண்டு. செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு மருத்துவர் ராபர்ட் காக்ரேனைக் காணச் சென்ற பிராண்ட், விரல் மடங்கிப்போன ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. அழுத்தியவருக்கோ அது தெரியவில்லை. மடங்கிய கையிலும் வலுவுள்ள தசைகள் மிச்சம் இருப்பதை அந்த வலி காட்டிக் கொடுத்தது. தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. உணர்வற்ற கை தன் பலத்தை அறியாமல் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும். அன்புள்ள கையும் தான் செய்வதை அறியாமல்தான் செய்கிறது. இரண்டும் ஒரே அறியாமையா? உணர்வு மரத்ததால் வருவது முதலாவது. இரண்டாவதோ, மற்றவர் வலி தன் வலியாகிவிட்டதால் வருவது.

அப்படிப்பட்ட கையை இன்றும் காணலாம். செங்கற்பட்டிலிருந்து ஒரகடம் வழியே, தொழிற்சாலைகள் நிறைந்த தண்டலம் அதிகத் தொலைவில்லை. இந்த வட்டாரத்தில் கையுறை அன்றாடப் பொருள். வாகனமும் உதிரிபாகமும் செய்யும் கைகள் ஷிப்டு முழுவதும் அதற்குள் இருக்கின்றன. ஷிப்டு முடிந்தால் பல ஊர்க்காரர்கள், பல மொழிக்காரர்கள் ஒரே வாடகை அறைக்குத் திரும்புகிறார்கள். அவர்களில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும்போது, நைட் ஷிப்டு முடிந்து தூக்கத்தில் கண் சொக்கும் இன்னொருவர் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். கஞ்சி வாங்கி வரப் படியிறங்குகிறார். கிறிஸ்துவைப் பின்பற்றுதல் என்பது இங்கே இவ்வளவு சிறியது.

தமிழில் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்று வழங்கும், தாமஸ் கெம்பிஸின் 15-ஆம் நூற்றாண்டு நூல், உள்ளத்தின் தனிமையையும் தாழ்மையையும் ஜெபத்தையுமே பெரிதும் பேசுகிறது. கையைப் பற்றி அதில் அதிகம் இல்லை. ஆனால் தினமும் தன்னை மறந்து ஜெபிக்கும் மனம், தன்னை மறக்கும் கையை மெல்ல உருவாக்குகிறது என்று கொள்ள இடமுண்டு. மத்தேயு 25-ஆம் அதிகாரத்து நீதிமான்களும், தாங்கள் எப்போது கிறிஸ்துவுக்கு உதவினோம் என்று அறியாமல்தான் நிற்கிறார்கள்.

அப்படியானால் அருவருப்பை அடக்கி, உதட்டில் ஜெபத்தோடு, யோசித்து யோசித்து நீட்டப்படும் கை குறைந்ததா? கையுறையோடு புண்ணைக் கட்டிய தந்தையின் கையைக் குறைந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. மகன் கையுறை இல்லாமல் தொடுவதற்கு அந்தக் கையே முதல் பாடமாக இருந்திருக்கலாம். ஜெபமே அதைக் கனிய வைத்திருக்கலாம். எது எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியவில்லை. அழுத இளைஞருக்கு அந்தக் கணக்கு தேவைப்படவும் இல்லை.