அளவும் சாட்சியும்

ஓசூர் சிப்காட்டில், ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் வீட்டில் ஒலிப்பதிவுக்கான பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பதிவு மென்பொருளை மௌஸைத் தொடாமல் விரல்களால் இயக்குவதற்கான பெட்டி. எட்டு ஃபேடர்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும், மைக்கிலிருந்து வரும் ஒலியின் அளவைக் காட்டப் பத்து எல்.இ.டி. விளக்குகள். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழுக்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்குகளைப் பலகையில் சொருகிக்கொண்டே, "சார், சிவப்பை எத்தனாவதுல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். வங்கிக் குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துவிட்டேன். அது எலெக்ட்ரானிக்ஸ் சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல என்பது பிடிபட எனக்குச் சில மாதங்கள் ஆயின.

விளக்குகளை ஏற்றி இறக்குவது எல்.எம். 3915 என்கிற ஐ.சி. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்தது. அதனுள் பத்துப் படிகள். ஒவ்வொரு படியும் முந்தியதைவிட மூன்று டெசிபல் உயரத்தில் காத்திருக்கிறது. ஒலி அந்த உயரத்தைத் தொட்டால் அதற்குரிய விளக்கு எரியும். ஆனால் டெசிபல் என்பது வெறும் விகிதம். எதைப் பூஜ்யமாகக் கொள்வது என்று யாராவது தீர்மானிக்காதவரை அதற்கு அர்த்தமில்லை. 1939இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடமும் சி.பி.எஸ்., என்.பி.சி. ஒலிபரப்பு ஸ்தாபனங்களும் சேர்ந்து வி.யு. மீட்டரை வகுத்தபோது, 600 ஓம் சுற்றில் ஒரு மில்லிவாட்டுக்கு நான்கு டெசிபல் மேலே அதன் பூஜ்யம் வைக்கப்பட்டது. அது இயற்கை தந்த பூஜ்யமல்ல, மனிதர்கள் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட பூஜ்யம். அந்த மீட்டரின் முள் தன் இடத்துக்கு வந்து சேர 300 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும்; இறங்கவும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது அது கேட்டவுடன் நம்புவதில்லை. சற்றுப் பொறுத்து, சராசரியைச் சொல்கிறது. அதே முப்பதுகளில் பி.பி.சி. உருவாக்கிய உச்ச மானி வேறு சுபாவம் கொண்டது. பத்து மில்லி விநாடி அளவில் ஏறிவிடும். 24 டெசிபல் இறங்க மூன்று விநாடிக்குச் சற்றே குறைவாக எடுத்துக்கொள்ளும். சீக்கிரம் கேட்டு, மெதுவாக மறக்கிற கருவி.

நண்பரின் பெட்டியில் இந்த வித்தியாசம் முழுவதும் ஐ.சி.க்கு முன்னால் நிற்கும் ஒரு கெபாசிட்டரிலும் இரண்டு ரெசிஸ்டர்களிலும் அடங்கியிருக்கிறது. சில ரூபாய் சமாச்சாரம். எவ்வளவு நேரம் பொறுத்து நம்புவது, எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருப்பது என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.

முதல் பதிவில் அவர் வி.யு. மீட்டர் மாதிரி நிதானமான மதிப்பையே வைத்திருந்தார். முகவீணைக்கும் பாட்டுக்கும் விளக்குகள் அழகாக ஏறி இறங்கின. மிருதங்கத்துக்கும் பச்சைதான் எரிந்தது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் தலை வெட்டுப்பட்டுக் கிடந்தது. தோலின் மேல் விழுகிற அடியின் உச்சம், முள் காட்டும் சராசரிக்குப் பத்து டெசிபலுக்கும் மேலே போய்வரும். முள் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்தும்விடும். மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது, கேள்வி வேறாக இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் நண்பர் தன் காதைப் பற்றிச் சொன்னார். அவர் வேலை பார்த்த கூடத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு: இரைச்சல் 88 டெசிபல், அனுமதி 90. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தையொட்டி எழுந்த மாதிரி விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 என்று வரம்பு வைத்திருந்தன. அதே விதிகளில் இன்னொரு அட்டவணையும் இருந்தது: 140 டெசிபல் உச்சம் கொண்ட அடிகள் நாளொன்றுக்கு 100, 130 என்றால் 1,000, 120 என்றால் 10,000. அடியை எண்ண வேண்டும் என்பது சட்டத்துக்குத் தெரிந்தே இருந்தது. அந்தக் கூடத்தில் யாரும் எண்ணவில்லை. பலகையில் சராசரி மட்டும், சட்டத்துக்கு உட்பட்டு, வருடக்கணக்காகத் தொங்கியது. இன்று அவருடைய இரண்டு காதுகளிலும் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் பெரிய பள்ளம் விழுந்திருக்கிறது. இரைச்சலால் கெட்ட காதின் கைரேகை அது. ஜால்ராவின் ஒலி அவருக்கு ஏதோ தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது. அந்த மினுக்கம் வந்து சேர்வதில்லை.

சராசரியின் குணம் வங்கியில் இருப்பவனுக்குத் தெரியாததல்ல. சராசரி இருப்பு சரியாக இருக்கிற கணக்கில், மாதக் கடைசி நான்கு நாள் ஒரு பைசாவும் இல்லாமல் ஒருவன் தவித்திருக்கலாம். லெட்ஜர் அந்தத் தவிப்பைப் பதிவு செய்வதில்லை.

நம் வட்டத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் அதில் பங்குள்ளவன். அளவு அனுபவத்தைக் கொல்கிறது, கருவி பொய், தேர்ந்த காதே மெய் என்பது அது. கவிதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நுண்ணுணர்வு என்ற ஒன்றை நீதிபதியின் ஆசனத்தில் உட்கார வைத்திருக்கிறோம். நண்பர் முன்னால் அந்த நம்பிக்கை சங்கடப்படுகிறது. தன் காது எதை இழந்தது என்பதை அவருடைய காது அவருக்குச் சொல்லவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு கருவி வரைந்த கோடுதான் சொல்லிற்று. இழந்த புலன் இழப்புக்குச் சாட்சி சொல்ல முடியாது. சத்தத்திலேயே வாழ்ந்து பழகியவனுக்குச் சத்தம்தான் மௌனம். இருபது வருடம் ஒரே வகை எழுத்தை, ஒரே வகைப் பாராட்டைக் கேட்டுப் பழகிய நம் நுண்ணுணர்வில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று நமக்கு யார் கோடு வரைந்து காட்டுவது?

அப்படியானால் உச்சத்தை மட்டும் நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. உச்ச மானிக்கு இருமலும் ஆலாபனையும் ஒன்று. மேலும் அதை ஏமாற்றவும் கற்றுக்கொண்டார்கள். உச்சத்துக்குக் கூரை போட்டவுடன், விளம்பரக்காரர்களும் இசைத்தட்டு வெளியிடுகிறவர்களும் கூரையைத் தொடாமல் அதன் அடிவயிறு வரை எல்லாவற்றையும் அமுக்கி நிரப்பினார்கள். விதி மீறப்படவில்லை, காது மட்டும் களைத்துப்போயிற்று. அதற்காகவே 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உரப்பை அளக்கப் புதிய முறை ஒன்றை வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அந்த முறைப்படி மைனஸ் 23 என்ற இலக்கை வைத்தது. இது மறுபடியும் சராசரிதான், ஆனால் முன்னதைவிடப் புத்திசாலியான சராசரி. ஒவ்வொரு அளவுகோலும் தன் நிழலில் வாழக் கற்ற ஒரு தந்திரக்காரனையும் சேர்த்தே பெற்றெடுக்கிறது என்று தோன்றுகிறது. ஆகவே பிரச்னை அளவா உணர்வா என்பதல்ல. எதை எண்ணுவது, எவ்வளவு காலம் நினைவில் வைப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், அதன் பலனை யார் அனுபவிக்கிறார்கள் என்பதே. சுவரில் பலகை மாட்டியவனுக்குக் காது போகவில்லை.

நண்பர் என் யோசனைகளுக்காகக் காத்திருக்கவில்லை. பத்து விளக்குகளையும் நிதானமான சராசரிக்கே விட்டுவிட்டார். பாட்டின் மூச்சு அதில்தான் தெரிகிறது என்றார். மேலே தனியாகப் பதினோராவது ஒன்று, சிவப்பு, உச்சத்தை மட்டும் பார்ப்பது. ஒரே ஒரு அடி எல்லை தாண்டினாலும் அது எரியும், தானாக அணையாது. பக்கத்தில் இருக்கும் பொத்தானை யாராவது கையால் அழுத்த வேண்டும். "யாராச்சும் வந்து பாத்துட்டு அணைக்கணும் சார். அதுக்குத்தான்" என்றார்.

இதை நியாயத்துக்கான இலக்கணமாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அணையாத நினைவு வன்மமாகத் திரிவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தானாக அணைகிற விளக்கைவிட, பார்த்தபின் அணைக்கப்படுகிற விளக்கு மேல் என்று மட்டும் இப்போது நினைக்கிறேன். மன்னிப்பதானாலும் முதலில் பார்த்தாக வேண்டுமல்லவா?

போன மாதம் மறுபடி ஒரு கூத்தைப் பதிவு செய்தோம். விடியற்காலையில் ஹெட்ஃபோனை என்னிடம் கொடுத்து, "ஜால்ரா எப்படி இருக்கு, சொல்லுங்க சார்" என்றார். "கொஞ்சம் குத்துதுண்ணா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஃபேடரை இறக்கினார். மிருதங்கத்தின் வரிசையில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. எப்போது எரிந்தது என்று இருவரும் கவனித்திருக்கவில்லை. அவர் அதை அணைக்காமல், பதிவை முதலிலிருந்து ஓட்டத் தொடங்கினார்.