கழித்துக்கொள்ள முடியாத கணக்கு

ராஜாஜியைப் பற்றிப் பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் இரண்டே மேடைதான். ஒன்றில் அவர் மூதறிஞர். வேதாரண்யத்தில் உப்பு எடுத்தவர், சுதந்திர இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், பாரத ரத்னா. மற்றொன்றில் அவர், மனுநூலுக்கு உரை எழுதியவரின் பெயரால், குல்லுகபட்டர். இந்தியைத் திணித்தவர், ஏழைப் பிள்ளைகளை அப்பன் தொழிலுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தவர். 1972 டிசம்பர் 25-ல் அவர் மறைந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஒரு மேடையின் பேச்சை மற்ற மேடை காதில் போட்டுக்கொண்டதாக இன்னும் தெரியவில்லை.

இந்தச் சண்டையில் சலித்தவர்கள் மூன்றாவதாக ஒரு வழி சொல்வார்கள். நல்லதை வரவில் எழுது, கெட்டதைப் பற்றில் எழுது, கழித்து மிச்சத்தைப் பார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோளாறே அந்தக் கணக்கு முறையில்தான்.

1939 என்ற ஒரே வருடத்தை எடுத்துக்கொள்வோம். ராஜாஜி அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து மறியல் நடந்துகொண்டிருந்தது. மறியல் செய்தவர்களைச் சிறைக்கு அனுப்ப அவர் கையில் எடுத்தது கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம். காங்கிரஸ்காரர்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசு பயன்படுத்திய, காங்கிரஸே கண்டித்துவந்த சட்டம் அது. கைதானவர்களில் நடராசன் என்ற தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞர் ஜனவரியில் இறந்தார். அடுத்து தாளமுத்து இறந்தார். அதே ஆண்டு ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். சனாதனிகள் வழக்குக்கு ஆயத்தமானபோது, நுழைந்தவர்களுக்கும் அழைத்துச் சென்றவர்களுக்கும் பாதுகாப்பாகச் சட்டம் கொண்டுவந்தவரும் இதே ராஜாஜிதான். சொந்த சாதியினரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு செய்தார். அது துணிச்சல், சந்தேகமில்லை.

இப்போது கழிக்கச் சொன்னால் எதிலிருந்து எதைக் கழிப்பது? மீனாட்சி கோயிலில் ஒருவர் கும்பிட்டதை நடராசன் வீட்டுக் கணக்கில் வரவு வைக்க முடியாது. ஒருவருக்குச் செய்த நன்மை இன்னொருவருக்கு இழைத்த தீங்கைத் தீர்க்காது. மன்னிக்கும் உரிமை அந்த இன்னொருவருக்கே உண்டு. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் அந்த உரிமையைத் தாங்களே எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று அழைத்த 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். அதை ஆதரித்தவர்களின் வாதத்தை முழுதாகக் கேட்டாக வேண்டும். பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லிவிட்டது. கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, பணம் இல்லை. ஆகவே கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, காலையில் ஒரு பகுதிப் பிள்ளைகள், பிற்பகலில் ஒரு பகுதிப் பிள்ளைகள் என்று ஷிப்ட் முறை வைத்தால், இருக்கிற பள்ளியிலேயே இரண்டு மடங்கு பேர் படிக்கலாம். மீதி நேரத்தில் பையன் தகப்பனோடு தொழில் பழகட்டும், பெண் தாயோடு வீட்டு வேலை பழகட்டும். இது சாதித் திட்டம் அல்ல, சிக்கனத் திட்டம் என்றார்கள்.

அந்த மீதி நேரத்தை ஒரு வண்ணார் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பையன் பள்ளியிலிருந்து வந்ததும் அப்பாவோடு துறைக்குப் போவான். ஊரார் வீட்டு அழுக்குத் துணியை வெள்ளாவி வைப்பான், துவைப்பான், காயப்போடுவான். பள்ளியில் அவனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனின் வீட்டுத் துணியும் அந்த மூட்டையில் இருக்கும். கணக்குப்பிள்ளை வீட்டுப் பையனின் தகப்பன் தொழிலோ ஏடும் எழுத்தும். அவன் வீட்டுக்குப் போனாலும் பாதிப் பள்ளிதான். நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டமே கிடையாது. பிறப்பை வைத்துத் தொழிலைப் பங்கிட்ட ஊரில், தகப்பன் தொழில் பழகு என்று அரசாங்கமே மணியடித்து அனுப்பினால், அதற்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்?

நோக்கம் அதுவல்ல என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விளைவு தெரியாது என்று சொல்ல யாருக்கும் இடமிருக்கலாம், ராஜாஜிக்கு இல்லை. பிறப்பின் பேரால் மனிதனை வாசலில் நிறுத்துவது என்ன என்று அறிந்துதானே 1939-ல் கோயில் கதவுக்குச் சட்டம் போட்டார்? அவருக்காக எடுத்துவைக்கப்படும் மிகப் பெரிய சான்றே இந்த இடத்தில் அவருக்கு எதிராகத் திரும்புகிறது.

அவர் பதவிக்கு வந்த விதமும் இதோடு சேரும். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்தார். அந்த வழியாக முதல்வரானார். சாதனத்தின் தூய்மையைப் பற்றி ஓயாமல் பேசிய காந்தியின் சம்பந்தி, இந்த வழியை ஏற்றுக்கொண்டார்.

இத்தனைக்கும் பின்னால் சுயநலம் இருந்ததாகச் சொல்ல முடியாது. உனக்கு எது நல்லதென்று உன்னைவிட எனக்குத் தெரியும் என்ற உறுதி இருந்தது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததும், போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டதும் அதே உறுதியில்தான். குடிகாரனின் மனைவிக்கு அது விடிவு. இந்தி படிக்க மாட்டேன் என்றவனுக்கு அதே உறுதி சிறை. பின்னாளில் பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம் என்று நேரு அரசைச் சாடி, 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கி, தனிமனிதன் வாழ்க்கையில் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது என்றார். 1965-ல் இந்தியை எதிர்த்தார். 1967-ல் தி.மு.க.வோடு நின்று காங்கிரஸை வீழ்த்தினார். மனம் மாறுவது குற்றமல்ல, பெருமைதான். ஆனால் மாறியது பரிகாரம் ஆகாது.

அவருடைய இறுதிச் சடங்கில் பெரியார் கண்ணீர்விட்டதைச் சொல்லி வழக்கை முடித்துவிடப் பார்க்கிறவர்களும் உண்டு. அது நண்பனுக்காக வந்த கண்ணீர். குலக்கல்வியைப் பெரியார் ஒருநாளும் மன்னித்ததாக யாரும் காட்டியதில்லை.

இரண்டு மேடைக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது இதுதான்: கோயில் நுழைவுக்கான புகழை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள், அந்தப் புகழைக் காட்டி 1953-ஐ மறைக்கவும் செய்யாதீர்கள். பணமில்லை, வேறு வழியில்லை என்பது அன்றைய வாதம். ராஜாஜி பதவி விலகியதும் 1954-ல் முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அதே ஏழை மாகாணத்தில் புதிய பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவும் போட்டார்.