கல்லில் எழுதிய பெயரும் காப்பவர் திருவடியும்: பள்ளிக் கட்டடக் கொடை குறித்த ஓர் அறவியல் நோக்கு

பள்ளிக்கூடம் கட்டிக் கொடுப்பது நல்லறம் என்பதில் தமிழறிந்தோரிடையே கருத்து வேறுபாடு இருக்க இயலாது. பள்ளித் திறப்பு விழாக்களுள் பாரதியின் கலைமகள் பாடல் ஒலிக்காதவை சிலவே. அப்பாடலைக் கூர்ந்து நோக்கின், சத்திரத்தையும் சோலையையும் ஆலயத்தையும் விட உயர்ந்ததாக அவர் வைப்பது பள்ளி கட்டுதலை அன்று, ஏழை ஒருவனுக்கு எழுத்தறிவித்தலையே என்பது புலப்படும். கட்டடங்கள் யாவும் ஒப்பீட்டின் ஒரு பக்கத்தில் நிற்க, கற்பித்தல் என்னும் செயல் மறுபக்கத்தில் தனித்து நிற்கிறது. விழா மேடையில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

ஊர்ப்புறப் பள்ளிக்குக் கட்டடம் கொடுப்பவர் உண்மையில் எதைக் கொடுக்கிறார்? யாருக்குக் கொடுக்கிறார்? கொடுத்தபின் அவருக்கு அதன்மீது எஞ்சும் உரிமை யாது? இவ்வினாக்களைச் சித்தூர், திருப்பதிப் பகுதிச் சான்றுகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாகிய சித்தூர் மாவட்டம், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் நிலம். திருத்தணி 1960 வரை அதனுள் இருந்தது; 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோயிலுக்கு வந்த காணிக்கை, தனியார் அறக்கொடை, அரசின் திட்டப்பணம் ஆகிய மூன்றும் பள்ளியாக உருமாறிய மண் இது.

பூட்டிய அறை

சில ஆண்டுகளுக்கு முன் ஊர்ப்பெயர் ஆய்வுக்காக எல்லையோரச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றபோது, அவ்வூர் அரசு தொடக்கப்பள்ளியில் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பழைய கட்டடத்தின் பக்கத்தில் புதிய வகுப்பறை ஒன்று எழுந்திருந்தது. கொடையாளர் பெயர் சலவைக்கல்லிலும், வாயில் நிலையின் மேலும், மின்விசிறியின் இறக்கைகளிலும், தண்ணீர்த் தொட்டியிலும் எழுதப்பட்டிருந்தது. அறை பூட்டியிருந்தது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தனர். காரணம் வினவியபோது தலைமையாசிரியை, "என்ன செய்வது சார், அவர் வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்கும்வரை சுவர் அழுக்காகக் கூடாது என்று அவருடைய ஆள் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்" என்றார். குரலில் சினம் இல்லை. கொடுத்தவர் கேட்கிறார், மறுப்பது எப்படி என்னும் தயக்கமே இருந்தது.

அவ்வேளையில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நிலையின்மேல் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தானே படித்த முதல் முழுப்பெயர் அதுவாக இருந்திருக்கக்கூடும். ஆகவே பெயர் பொறிப்பதை வீண் ஆரவாரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட இக்கட்டுரையாளரால் இயலவில்லை.

தலைமையாசிரியையின் தயக்கத்தை விளக்க மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வு துணைசெய்யும். தனித்து நிற்கும் கொடை என ஒன்றில்லை, கொடுத்தல், ஏற்றல், திருப்பிச் செலுத்தல் என்னும் மூன்று கடமைகளும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது அவர் கண்ட முடிபு. திருப்பிச் செலுத்த இயலாதவர் நன்றியாகவும் பணிவாகவும் செலுத்துகின்றனர். வெயிலில் வரிசையாக நின்று மலர் தூவும் பிள்ளைகள் செலுத்துவது இதனையே.

யார் பட்ட கடன்?

ஏற்பவர் யார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஆந்திரப் பிரதேச அரசுக்கு எதிரான உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயது வரை கல்வி பெறுதல் குழந்தையின் அடிப்படை உரிமை என அறிவித்தது. 2002இல் அரசமைப்பின் 86ஆம் திருத்தம் அதனை 21அ என்னும் உறுப்பாக்கியது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையேனும், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம், சுற்றுச்சுவர் எனப் பட்டியலிட்டே கூறுகிறது. எனவே வகுப்பறை குழந்தைக்குச் சேரவேண்டிய பொருள். அதனைத் தரக் கடன்பட்டது அரசு.

இங்ஙனமாயின் கொடையாளர் செய்வது, கடன்பட்ட ஒருவர் செலுத்தாத கடனைத் தாம் செலுத்துவதாகும். இது சிறிய செயல் அன்று. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். நல்ல கூரை என்பது உயிர் பற்றிய செய்தி என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. அரசு கொடுக்கும்வரை காத்திருப்போம் என்பார்க்கு, குழந்தையின் தொடக்கப்பள்ளிப் பருவம் ஐந்தே ஆண்டுகள் என்பதே விடை. ஆயினும் பிறர் கடனை அடைத்தவர்க்கு ஏதேனும் உரிமை உண்டாகுமெனின், அது கடன்பட்டவரிடம் கேட்கும் உரிமையே. இக்கட்டடத்திற்கு ஆசிரியரை அனுப்பினீரா, பழுது பார்க்கப் பணம் ஒதுக்கினீரா என்று அரசை நோக்கி அவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குழந்தையிடம் நன்றி கேட்க அவருக்கு வழியில்லை. நடைமுறையில் காண்பதோ இதன் மறுதலை. அரசிடம் கொடையாளர் கேள்வி கேட்பதில்லை, அதன் அலுவலரை மேடையில் தமக்கு அருகே அமர்த்திக்கொள்கிறார். நன்றியைக் குழந்தையிடம் பெறுகிறார்.

இவ்விடத்தில் வள்ளுவரின் அதிகார வைப்பு முறை நோக்கத்தக்கது. ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23, புகழ் 24. ஈகையில் வறியவர் முகம் தோன்றுகிறது, பசி தோன்றுகிறது, இரப்பவரும் ஈபவரும் எதிரெதிரே நிற்கின்றனர். ஒப்புரவறிதலிலோ மழையும், நீர் நிறைந்த ஊருணியும், ஊர் நடுவே பழுத்த மரமும், மருந்தாகும் மரமும் உவமைகளாகின்றன. ஊருணியில் நீர் முகப்பவர் எவரையும் வணங்கிவிட்டு முகப்பதில்லை. பள்ளிக் கட்டடத்தை ஈகையின்பாற் படுத்தியதே நம் காலத்தின் பிழை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அது ஊருணியின் இனத்தைச் சார்ந்தது.

அடுத்த அதிகாரமே புகழாயிற்றே, கொடுத்துப் புகழ்பெற வாழ்க என்று வள்ளுவரே கூறவில்லையா என வினவலாம். கூறுகிறார். ஆனால் அங்குப் புகழ் என்பது பிறர் வாயிலிருந்து வருவது. தன் பெயரைத் தானே விசிறியின் இறக்கையில் எழுதுவித்தல் அதனுள் அடங்குமா என்பதை உரைகாரர் எவரும் ஆராய வேண்டிய தேவை அக்காலத்தில் நேரவில்லை.

கல்வெட்டுக் காட்டும் நெறி

பெயரைக் கல்லில் எழுதும் வழக்கம் நம்மிடையே புதிதன்று. பல்லவர் குலத்துச் சாமவை கி.பி. 966இல் திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி அளித்து, வழிபாட்டிற்கும் விழாவிற்கும் நிலம் விட்ட செய்தியை அவர் பெயருடன் நாம் இன்று அறிவது கல்வெட்டால்தான். எனினும் அக்காலக் கொடைக் கல்வெட்டுகளுக்கும் இக்காலப் பள்ளிச் சலவைக்கல்லுக்கும் இடையே இரு வேறுபாடுகள் உள்ளன.

முதலாவது, கொடுத்த பொருள் பற்றியது. விழுப்புரம் மாவட்ட எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் 45 வேலி நிலம் விடப்பட்டதைக் கூறுகிறது. யார் யார்க்கு நாள்தோறும் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பதே அதன் பெருங்கவலை. அஃது வேதம் பயில்வார்க்குரிய கல்லூரி. ஊரார் பிள்ளைகள் அனைவர்க்கும் திறந்ததன்று. ஆதலின் இன்றைய பொதுப்பள்ளியின் முன்னோடியாக அதனைக் காட்டிப் பெருமை கொள்வது பொருந்தாது. ஆயினும் பள்ளி என்பது நாளும் உண்ண வேண்டிய உயிர் என்பதை அக்கொடையாளர் அறிந்திருந்தனர். இன்றைய கொடை பெரும்பாலும் ஒருமுறைச் செலவு. கட்டடம் ஒளிப்படத்தில் விழும். துப்புரவுப் பணியாளரின் மாத ஊதியம் விழாது.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. இந்த அறத்தைக் காத்தவருடைய திருவடி என் தலைமேல் என்னும் கருத்துப்படக் கொடைக் கல்வெட்டுகள் பல முடிகின்றன. வழக்கமான வாய்பாடு என்பதால் நாம் அதனை வாசித்துக் கடந்துவிடுகிறோம். சற்றே நின்று எண்ணிப் பார்த்தால் அதன் துணிவு விளங்கும். கொடுத்தவர் மன்னராகவோ அரசியாகவோ இருக்கலாம். காப்பவர் பின்னொரு காலத்தில் வரப்போகும், பெயர் தெரியாத எவரோ ஒருவர். கொடுத்தவர் அவருடைய அடியைத் தம் முடிமேல் ஏற்கிறார். கொடை தம்மோடு முடியவில்லை, காப்பவர் கையில்தான் அது கொடையாகிறது என்னும் ஒப்புதல் அது. இக்காலச் சலவைக்கல்லில் கொடையாளர், திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் ஆகியோர் பெயர்கள் உண்டு. காப்பவர்க்கு ஒரு வரி இல்லை.

பெயரற்ற கொடையும் பெயர்ந்து சென்ற கொடையும்

பெயரே வேண்டாம் என்பது தீர்வாகுமா? திருமலை உண்டியல் இதற்கு நல்ல சோதனைக்களம். அங்குப் பணம் இடுபவர் பெயர் எங்கும் பதிவதில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1945இல் ஸ்ரீ வேங்கடேசுவரா கலைக் கல்லூரியும், 1952இல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் கல்லூரியும் திருப்பதியில் தோன்றின. பள்ளிகளையும் தேவஸ்தானம் நடத்துகிறது. முடியிறக்கி உண்டியலில் பத்து ரூபாய் இட்ட உழவர் ஒருவர், தம்மை அறியாமலே எங்கோ ஒரு கரும்பலகைக்குப் பங்களித்திருக்கலாம். கொடை கொடையென அறியப்பட்ட கணத்திலேயே கைம்மாறாகிவிடுகிறது என வாதிட்ட தெரிதா, இவ்வுழவரைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அதே தேவஸ்தானத்தில், கோயில் கட்டும் அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் அளிப்பவர் சிறப்புத் தரிசனத்திற்குத் தகுதி பெறும் முறை 2019இல் அறிமுகமாயிற்று. ஒரே மலையில் கொடையின் இரு எல்லைகளும் காணக்கிடைக்கின்றன.

ஆனால் உண்டியலில் இட்டவர்க்கு அக்கரும்பலகை உடைந்தாலும் தெரியாது. அறியாமை அவரை ஆணவத்திலிருந்து காக்கிறது, பொறுப்பிலிருந்தும் விலக்கிவிடுகிறது. எனவே சிக்கல் பெயரில் இல்லை. காத்தலில் இருக்கிறது.

பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி வேறொரு பாடம் தருகிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையில் எழுந்த அந்த உறைவிடப் பள்ளி, கட்டணம் செலுத்துவோர் பிள்ளைகளுக்கானது. அருகமைச் சிற்றூர்ப் பிள்ளைகளைப் பற்றிய மனவுறுத்தல் அதற்கு இருந்திருக்க வேண்டும். அங்கு உருவான துணைப்பள்ளிகள் சிறியவை. ஓர் ஆசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள், சுற்றிலும் மரங்கள். அப்பகுதி இளைஞர்களே பயிற்சி பெற்று ஆசிரியராயினர். பத்மநாப ராவ், ரமா இணையர் உருவாக்கிய கற்றல் அட்டைகளும் கற்றல் ஏணியும் இப்பள்ளிகளின் உயிர். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் எம்.பி. விஜயகுமார் முன்னெடுத்து, 2007–08 அளவில் தமிழக அரசுத் தொடக்கப்பள்ளிகள் எங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், இவ்வட்டைகளின் வழிவந்ததே. அம்முறையின் நிறைகுறைகள் இங்கு நம் ஆய்வுப்பொருள் அல்ல. எல்லை கடந்து வந்தது கட்டடம் அன்று, கற்பிக்கும் வழி என்பதும், தமிழகச் சிற்றூர்ப் பிள்ளை எவருடைய பெயரையும் தலைக்கு மேல் சுமக்காமல் அதனைப் பெற்றது என்பதும் கருதற்பாலன.

கேட்பவர் முதலில் பேசுதல்

1958இல் காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுள் முதலாவது கடம்பத்தூரில் நடந்தது; அக்காலச் சித்தூர் மாவட்ட எல்லையிலிருந்து அது தொலைவன்று. அதன் நடைமுறை அறவியல் நோக்கில் சிறப்புடையது. பள்ளிக்கு வேண்டுவன எவை என்பது முதலில் கணிக்கப்பட்டது. கடிகாரம், பலகை, நாற்காலி, நிலம், கட்டடம் என அத்தேவைகளை ஊரார் பகிர்ந்து ஏற்றனர். கொடுப்பவர் விருப்பத்திற்கேற்பப் பள்ளி வளையவில்லை. பள்ளியின் தேவை முதலில் பேசியது. ஆந்திரத்தில் 2019 நவம்பர் 14இல் தொடங்கி முதற்கட்டமாக 15,715 பள்ளிகளை எடுத்துக்கொண்ட ‘மன படி நாடு–நேடு’ திட்டத்திலும், பணிகள் ஒப்பந்தக்காரரிடம் செல்லாமல் பெற்றோர் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அரசியல் மாற்றங்களால் இத்தகு திட்டங்களின் பெயரும் வண்ணமும் மாறுகின்றன. அரசும் தன் பெயரைச் சுவரில் எழுத விரும்பும் கொடையாளரே. ஆயினும் தன் பிள்ளை பயன்படுத்தும் கழிப்பறைக்குத் தாயே ஓடு தேர்ந்தெடுத்தபோது, அவர் ஏற்பவராக நிற்கவில்லை, காப்பவராக நின்றார். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என விதித்ததன் கருத்தும் அதுவே.

மேலே குறித்த சிற்றூர்ப் பள்ளிக்கு இக்கட்டுரையாளர் மீண்டும் ஒருமுறை செல்ல நேர்ந்தது. தலைமையாசிரியை மாறுதலாகிப் போயிருந்தார். புதிய அறை திறந்திருந்தது. உள்ளே மூன்றாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கொடையாளர் வந்து பார்த்தாரா என்று கேட்டதற்கு, மதிய உணவு சமைக்கும் அம்மையார் இல்லை என்றார். மழைக்காலத்தில் பழைய கட்டடம் ஒழுகவே, பெற்றோர் சிலர் கூடிப் பூட்டை உடைத்துப் பிள்ளைகளை உள்ளே அமர்த்தினராம். நிலையின்மேல் பெயர் இருந்தது. சுவரில் ஓர் ஆள் உயரத்திற்குக் கரித்துண்டால் எழுதிய தமிழ் எழுத்துகளும் தெலுங்கு எழுத்துகளும் நிறைந்திருந்தன.