செம்பாக்கமும் செப்பாக்கமும்

எங்கள் செம்பாக்கத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். வங்கி உத்தியோகம். கணக்கு எழுதுவது அவருக்குத் தொழில் மட்டும் அல்ல, சுபாவமும் அதுவே. பால் கணக்கு, பத்திரிகைக் கணக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்வந்த செலவுக் கணக்கு எல்லாவற்றுக்கும் அவரிடம் தனித்தனியே நோட்டுப் புத்தகம் உண்டு. 2023-ஆம் ஆண்டில் அவர் ஒரு மின்சாரக் கார் வாங்கினார். எஸ்.யூ.வி. என்று சொல்லுகிறார்களே, ஆளை நிமிர்ந்து பார்க்கச் செய்யும் அந்த உயரமான வண்டி. அதற்கும் ஒரு புது நோட்டு போட்டார்.

அண்மையில் ஒரு மாலை அந்த நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார்.

“சார், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான் ஆகிறது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஏழு ரூபாய். இதைவிட நியாயமான வண்டி உண்டா, சொல்லுங்கள்?”

மலிவான வண்டியா என்று அவர் கேட்டிருந்தால், ஆமாம் என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பியிருப்பேன். அவர் கேட்டது நியாயத்தைப் பற்றி. ஆகவே இருவருமாக உட்கார்ந்து நோட்டைப் புரட்டினோம்.

மின்சாரக் கார் என்பது எங்கள் பகுதிக்கு அந்நியச் சரக்கு அல்ல. 2019 ஜூலையில் ‘கோனா’ என்ற மின்சார வண்டியை 25.30 லட்ச ரூபாய்க்கு வெளியிட்ட ஹூண்டாயின் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம்தான் இருக்கிறது. அடுத்த ஜனவரியில் டாட்டாவின் ‘நெக்ஸான்’ 13.99 லட்சத்துக்கு வந்தபோதுதான் நடுத்தரக் குடும்பத்தார் திரும்பிப் பார்த்தார்கள். 2024 நவம்பர் 26-ஆம் தேதி மகிந்திரா கம்பெனி தன் ‘பி.இ. 6’, ‘எக்ஸ்.இ.வி. 9இ’ ஆகிய இரண்டு வண்டிகளையும் சென்னையிலேயே அறிமுகப்படுத்தியது. தொடக்க விலை ஒன்றுக்கு 18.90 லட்சம், மற்றதற்கு 21.90 லட்சம். வீட்டில் மின்னூட்டும் கருவிக்குத் தனி விலை. யானையை வாங்குகிறவன் அங்குசத்துக்கு யோசிப்பானா என்று நினைத்திருக்கலாம்.

நண்பரின் வண்டி, எல்லாம் சேர்ந்து, 20 லட்சம் ஆயிற்று. ஐந்து லட்சம் கையிருப்பு, மீதிக்குக் கடன். 15 லட்சத்துக்கு ஒன்பது சதவிகித வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணை என்றால், மாதம் ஏறக்குறைய 31,140 ரூபாய். வட்டி மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல் போய்விடும். இது நோட்டின் முதல் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. மனிதன் தனக்குப் பிடிக்காத கணக்கைச் சிறிய எழுத்தில்தான் எழுதுவான் போலும்!

அடுத்தது மின்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருகிறது. முதல் 100 யூனிட் இலவசம். பிறகு படிக்குப் படி விலை ஏறும். 2024 ஜூலையில் நிர்ணயித்தபடி, 400-க்கு மேல் யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 500-ஐத் தாண்டினால் 8.55, 600-ஐத் தாண்டினால் 9.65. நண்பர் வீட்டில் கார் வருவதற்கு முன் 450 யூனிட் செலவாகும். கார் வந்து 300 யூனிட்டைக் கூடுதலாகக் குடிக்கிறது. ஆகவே காருக்கு அளக்கும் யூனிட் எல்லாம் மேல்படி விலையிலேயே விழுகிறது. அப்படியும், இரண்டு மாதத்தில் ஓடும் 2,000 கிலோமீட்டருக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. அவருடைய ஒன்றரை ரூபாய்க் கணக்கு சரிதான்.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றும், லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், மாதம் 5,500 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு 66,000. இதே அளவுப் பெட்ரோல் வண்டியைவிட இது ஐந்து லட்சம் அதிக விலை என்று வைத்தால், அந்த அதிக விலை திரும்பிவர ஏழரை ஆண்டு ஆகும். மின்கலத்துக்குப் பல கம்பெனிகள் எழுதிக் கொடுக்கிற உத்தரவாதம் எட்டு ஆண்டு. பழுதில்லை, தப்பித்தார் என்று சொல்லலாம்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால்தான் ஏழரை ஆண்டு. நானூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு அதே பணம் திரும்பிவரப் பத்தொன்பது ஆண்டு ஆகிவிடும். அதாவது, இது ஓடினால் மட்டும் சிக்கனம், நின்றால் நஷ்டம். நம் பெரியவர்கள் அறிந்த சிக்கனம் வேறு. செலவழிக்காமல் இருப்பதற்குத்தான் அவர்கள் அந்தப் பெயரைச் சொன்னார்கள். செலவழிக்கச் செலவழிக்க மிச்சமாகும் சிக்கனம் நம் காலத்தின் புதுப் பொருள். நண்பரே ஒப்புக்கொண்டார். “முன்பெல்லாம் தாம்பரத்துக்கு நடந்தோ பஸ்ஸிலோ போவேன் சார். இப்போது கேம்ப் ரோடுக்குக் கீரை வாங்கக்கூட இதில்தான் போகிறேன். செலவே இல்லையே என்று தோன்றுகிறது!”

செலவே இல்லையா? அவருக்கு இல்லை. இந்த இடத்தில்தான் கணக்கு நின்று, நியாயம் தொடங்குகிறது.

இந்த வண்டியின் விலை இவ்வளவாவது குறைந்திருப்பதற்கு அரசாங்கம் விட்டுக் கொடுத்த வரியும் ஒரு காரணம். 2019 ஆகஸ்டு முதல் மின்சார வாகனத்துக்குச் சரக்கு சேவை வரி 5 சதவிகிதம் மட்டுமே. பெரிய பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவிகிதம். தமிழ்நாட்டு அரசு 2023-இல் வகுத்த கொள்கை, 2025 டிசம்பர் முடிய சாலை வரியும் வேண்டாம் என்றது. காற்று கெடாமல் இருக்க இப்படிச் செய்வது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விட்டுக் கொடுத்த வரி ஆகாயத்தில் மறைந்துவிடுவதில்லை. ராஜகீழ்ப்பாக்கம் நிறுத்தத்தில் மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாளே வீட்டு வேலை செய்யும் பெண், அவள் வாங்கும் சோப்பின் வரியும் தீப்பெட்டியின் வரியும் அந்தப் பொதுப் பணத்தில்தான் சேருகின்றன. இருபது லட்ச ரூபாய் வண்டிக்கு அவளும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியவேண்டும். 2025 ஜூன் 30-ஆம் தேதி மாநகரப் போக்குவரத்துக் கழகம் 120 மின்சாரப் பேருந்துகளை வியாசர்பாடியிலிருந்து ஓடவிட்டதே, அந்தச் செய்தியில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் புதுக் கார்களின் செய்தியில் ஏற்படவில்லை. அவளுடைய பங்கு அவளுக்கே திரும்புகிற இடம் அது.

“சரி சார், ஆனால் புகை இல்லையே!” என்றார் நண்பர்.

உண்மை. செம்பாக்கத்தில் புகை இல்லை. செப்பாக்கத்தில்?

அச்சுப் பிழை என்று நினைக்கவேண்டாம். செப்பாக்கம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே, எண்ணூர்ப் பக்கம், வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி இருக்கிறது. நிலக்கரி எரிந்து மின்சாரம் ஆனபிறகு மிச்சமாகும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே அந்தக் குளத்தில் கொட்டுகிறார்கள். குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்த கதையை அந்தப் பகுதி மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். காற்று அடித்தால் செப்பாக்கத்தின் சோற்றுப் பானையிலும் சாம்பல்.

நம் வீட்டுப் பிளக்கில் வருகிற மின்சாரத்துக்கு முகவரி கிடையாது. முப்பந்தல் காற்றாலையிலிருந்தும் வரும். கூடங்குளத்திலிருந்தும், நெய்வேலியிலிருந்தும், எண்ணூரிலிருந்தும் வரும். எல்லாம் ஒரே கம்பியில் கலந்துவிடுகின்றன. ஆனால் இரவு பத்து மணிக்குக் காரை மின்னூட்டத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போகும்போது சூரியன் இல்லை. காற்று அடிக்கிற மாதமும் உண்டு, அடிக்காத மாதமும் உண்டு. நிலக்கரி மட்டும் தவறாமல் எரிகிறது.

அப்படியானால் பெட்ரோல் வண்டியே மேல் என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது, மணலிப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. வலையும் படகும் கறுத்துப்போயின. மீனவர்கள் கையாலேயே எண்ணெயை அள்ளினார்கள். நாம் பெட்ரோல் போட்டாலும் எண்ணூர், மின்சாரம் போட்டாலும் எண்ணூர். மொத்தக் கணக்கில் மின்சார வண்டியால் காற்றுக்குக் கேடு குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. கேடு குறைவு என்பது ஒன்று. கேடு இல்லை என்பது வேறு. ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டு ஊர்கள். ஓர் ஊரின் சுத்தத்துக்கு மற்றோர் ஊர் சாம்பலில் விலை கொடுக்கிறது.

இதைச் சொன்னதும் நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை மூடிவிட்டு, அதில் எழுதாத ஒரு விஷயத்தைச் சொன்னார்.

அதே மிக்ஜாம் மழை இரவு. அவர்கள் குடியிருப்பில் எட்டு வீடு. கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்துமிடம். மூலையில் காவல்காரக் கிழவருக்கு ஒரு சிறு அறை. தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தவுடனே நண்பர் ஓடி இறங்கினார். வண்டிக்கு அடியில்தானே மின்கலம்! விலையில் பெரும்பங்கு அதுதான். தண்ணீர் புகுந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் என்ன சொல்லுவார்களோ என்ற பயம். இருட்டில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் மேடவாக்கம் மேம்பாலத்தின் மேல் நிறுத்தினார். திரும்பி வரும்போது நடைதான். வீட்டு வாசலை அடைந்தபோது முழங்காலுக்கு மேல் தண்ணீர். காவல்காரர் அறைக்குள்ளே பாய் மிதந்துகொண்டிருந்தது. கிழவர் மாடிப் படியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். முதல் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை அம்மாள்தான் அவரைக் கைபிடித்து ஏற்றியிருக்கிறாள்.

“என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார் சார். ‘வண்டி பத்திரமா ஐயா?’ என்று கேட்டார். அவர் அறையைத் தாண்டித்தான் நான் வண்டியை வெளியே எடுத்தேன். அவர் உள்ளே இருக்கிறாரா என்று பார்க்கத் தோன்றவில்லை. இந்தச் செலவை எந்தப் பத்தியில் எழுதுவது?”

நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதே காரணம். என் வீட்டில் கார் இல்லை. ஆனால் இருந்திருந்தால் நானும் முதலில் அதைத்தான் நினைத்திருப்பேன். 2024 அக்டோபரில் கனமழை என்று அறிவிப்பு வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றதைத் தமிழ்நாடே பார்த்தது. அவற்றை நிறுத்தியவர்கள் கெட்டவர்கள் அல்ல, தவணை கட்டுகிறவர்கள். ஐந்து வருஷச் சம்பளத்தை ஒரு பொருளின் மேல் கட்டிவைத்தவனுக்கு ஆபத்து வேளையில் அந்தப் பொருள்தான் குழந்தை மாதிரி ஆகிவிடுகிறது. பொருளை நாம் வைத்திருக்கிறோம் என்று எண்ணுகிறோம். மழை பெய்கிற இரவில்தான் யார் யாரை வைத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

இப்போது புதிய ஏற்பாடு ஒன்று வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. ‘விண்ட்ஸர்’ வண்டியை மின்கலம் இல்லாத விலைக்கு வாங்கிக்கொண்டு, மின்கலத்துக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை கொடுத்து வரலாம் என்றார்கள். உடல் சொந்தம், உயிர் வாடகை! முதலில் சிரிப்பு வந்தது. யோசித்தால், எல்லா உடைமையுமே அப்படித்தானே? ரசீது நம் பெயரில் இருக்கலாம். ஆனால் காற்றும், கரியும், சாலையும், பிறர் கொடுத்த வரியும் வாடகையாகத்தான் நம்மிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. செல்வம் வைத்திருப்பவன் அதற்குத் தருமகர்த்தா என்று காந்தியடிகள் சொன்னதை நாம் பணக்காரர்களுக்குச் சொன்ன உபதேசம் என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். இருபது லட்ச ரூபாய் வண்டி வைத்திருப்பவர், தாம் நடுத்தரக் குடும்பம் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியுமா?

விலை என்பது கொடுத்தவுடன் தீர்ந்துவிடுவது. கடன் அப்படி அல்ல. கடைக்காரரிடம் விலையைக் கொடுத்துவிட்டோம். வங்கியிலும் ஒரு நாள் கடனை அடைத்துவிடுவோம். செப்பாக்கத்துக்கும், பஸ் நிறுத்தத்துக்கும், படியில் உட்கார்ந்திருந்த கிழவருக்கும் கொடுக்கவேண்டியது மட்டும் எந்தத் தவணையிலும் சேரவில்லை. வண்டி வாங்காதே என்பது அல்ல என் கட்சி. நல்ல வண்டி ஒன்றை வாங்கியதால் நாம் நல்லவர்களாகிவிட்டோம் என்று எண்ணும்போதுதான் ஆபத்து. நன்மையை ரசீதோடு வாங்கிவிட்டவனுக்கு அதைச் செய்யவேண்டும் என்ற நினைவே வருவதில்லை.

நண்பர் இப்போது சில காரியங்கள் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில், வெயில் இருக்கும்போது மின்னூட்டம் செய்கிறார். கீரைக்கு நடந்தே போகிறார். காவல்காரரின் அறையை மாடிப்படிக்குப் பக்கத்தில் உயரமாகக் கட்டிக் கொடுக்கவேண்டும் என்று குடியிருப்புக் கூட்டத்தில் பேசி, இரண்டு வீட்டாரோடு சண்டையும் போட்டிருக்கிறார். இவற்றால் எண்ணூரின் சாம்பல் குறைந்துவிடவில்லை. அவருக்கும் அது தெரியும்.

சென்ற வாரம் நோட்டை மறுபடி காட்டினார். வரவு, செலவு என்ற இரண்டு பத்திகளுக்கு அப்பால் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்திருந்தார். மேலே ‘பாக்கி’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே தொகை எதுவும் இல்லை.

“எவ்வளவு என்று தெரியவில்லை சார். அதனால் காலியாக விட்டிருக்கிறேன்” என்றார்.

அவர் எழுதிய கணக்குகளிலேயே அதுதான் எனக்குச் சரியானதாகப் பட்டது.