பெரும்பான்மையே நியாயமாகுமா?



2012-ம் ஆண்டை நம் குடும்பங்கள் மறந்திரா. நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. பம்பு செட்டு ஓடாமல் கரும்பு வாடிற்று. பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கடியில் படித்தார்கள். "கூடங்குளத்து அணுமின் நிலையத்தைத் திறந்தால் தீருமே, அங்குள்ளவர்கள் ஏன் மறிக்கிறார்கள்?" என்று நம்மில் பலர் பேசினோம். அதே நாட்களில் இடிந்தகரையில், லூர்து மாதா கோவிலின் முன், மீனவத் தாய்மார் பந்தலில் அமர்ந்து போராடினார்கள். நமது கஷ்டமும் மெய். அவர்களுடைய அச்சமும் மெய்.

ஜனநாயகத்தில் பெரும்பான்மையோர் விருப்பமே நியாயம் என்பாருமுண்டு. சற்று யோசிப்போம். மின்சாரம் வேண்டுவோர் கோடிக்கணக்கானவர். உலையருகே குடியிருப்போர் சிலரே. தலையை மட்டும் எண்ணினால் அவர்கள் என்றும் தோற்பார்கள். அப்படியானால், அருகிலிருப்போர் மறுத்தாலே எந்த வேலையும் நிற்கவேண்டுமா? அதுவும் சரியன்று. அவ்விதமாயின் அணைகளும் பாலங்களும் எழும்புவது அரிது.

ஆகையால், முடிவு செய்யுமுன் பாதிக்கப்படக் கூடியவனைக் கேட்பதே நியாயத்தின் முதற்படி. கூடங்குளத்துக்கு இந்தியாவும் சோவியத் நாடும் ஒப்பந்தம் செய்தது 1988-ல். ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும் என்ற சட்டவிதி வந்தது 1990-களில்தான். 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் சுனாமியால் உலைகள் கெட்ட பிறகே, இக்கடற்கரையாரின் குரலை நாடு செவிமடுத்தது. அதற்குள் முதல் உலை ஏறக்குறையக் கட்டி முடிந்திருந்தது. காலந்தாழ்ந்த விசாரணை சச்சரவாய் முடிந்தது. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் மாண்டார். 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தது. பாதுகாப்புக்கான கட்டளைகளும் இட்டு, போராடினோர் மீதுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படியும் சொல்லிற்று.

ஆஸ்திரியா நாட்டிலும் உலையைக் கட்டிய பிறகுதான் ஜனங்களைக் கேட்டார்கள். 1978-ல் ஏறக்குறைய 30,000 வாக்கு வித்தியாசத்தில் மக்கள் மறுத்தனர். அவ்வுலை ஒரு நாளும் ஓடவில்லை. முதலிலேயே கேட்டிருந்தால் பணமும் மனத்தாங்கலும் மிஞ்சியிருக்கும்.

நமக்கும் இதில் கடமையுண்டு. "அந்நியப் பணம் வாங்கினார்கள்" என்று மீனவரையோ, "விலைபோனவர்கள்" என்று விஞ்ஞானிகளையோ ஆதாரமின்றிப் பேசுவது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவம். அப்பேச்சை நாம் டீக்கடையில் எத்தனை முறை தலையாட்டிக் கேட்டோம்! பொதுஜன அபிப்பிராயம் என்பது எங்கிருந்தோ வருவதன்று. நம் வாயிலிருந்தே பிறக்கிறது.

அடுத்த கிராம சபையில் ரஸ்தாவோ, கழிவுநீர்க் கால்வாயோ, குப்பைக் கிடங்கோ பேச்சுக்கு வரும். கையைத் தூக்குமுன், "இது என் வீட்டு வாசலில் வந்தால் நான் என்ன சொல்வேன்?" என்று மனச்சாட்சியைக் கேளுங்கள். பிறகு, அது யார் வாசலில் வரப்போகிறதோ அவரை முதலில் பேச விடுங்கள்.