புண் ஆறுதலும் மனம் ஆறுதலும்

தமிழில் 'ஆறுதல்' என்னும் சொல் புண் ஆறுவதையும் குறிக்கும். மனம் அமைதியுறுவதையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழுமென நாம் இயல்பாக எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் எத்துணை பொருத்தமானது என்பதை ஆராய்வதற்கு, மூக்கின் தோற்றத்தை மாற்றும் ஒப்பனைச் சத்திரசிகிச்சையும் அதனைத் தொடரும் காலமும் தக்கதொரு களமாக அமைகின்றன. நோயற்ற உறுப்பொன்றில் வேண்டுமென்றே புண் உண்டாக்கி, அப்புண் ஆறுவதனால் மனத்தையும் ஆற்ற முனையும் முயற்சி அது. அங்கு ஆறவேண்டியது எது, ஆற்றவேண்டியவர் யார் என்பன அறவியல் வினாக்களாகும்.

மூக்கைச் சீரமைக்கும் கலை புதியதன்று. கன்னத்துத் தோலைக் கொண்டு அறுபட்ட மூக்கை மீள ஆக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கின்றது. நெற்றித் தோலைக் கொண்டு இந்தியாவிற் செய்யப்பட்ட இத்தகைய சிகிச்சையொன்று பற்றிய செய்தி 1794இல் இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1814இல் அம்முறையைத் தம் நாட்டிற் கையாண்டார். மூக்கை அறுத்தல் தண்டனையாக விளங்கிய சமுதாயங்களில் இழந்த மூக்கைப் பெறுவது இழந்த மானத்தைப் பெறுவதாகும். அவமானமுற்றவனை 'மூக்கறுபட்டான்' என நாம் இன்றும் கூறுவது இத்தொடர்பை உணர்த்தும். பறிக்கப்பட்டதை மீட்டளிக்கும் இச்செயலை எவரும் குறைகூறார்.

1898இல் பேர்லின் நகரில் ஜாக் யோசெப் என்னும் வைத்தியர் செய்தது இதனின்றும் வேறுபட்டது. தன் மூக்கின் பருமனால் மனம் குன்றியிருந்த இளைஞர் ஒருவரின் நலமான மூக்கை அவர் சிறிதாக்கினார். அவ்விளைஞரின் மனச்சோர்வு நீங்கியதைச் சுட்டிக்காட்டி, தம் செயல் வைத்தியத்தின் எல்லைக்கு உட்பட்டதே என அந்நகர வைத்தியர் சங்கத்தின் முன் வாதிட்டார். துன்பம் உண்மையானதாயின் அதனை நீக்குவது சிகிச்சையே என்பது அவ்வாதத்தின் சாரம்.

இதனை வீண் ஆடம்பரமென ஒதுக்குவோர் உளர். இயற்கை தந்த முகத்தை மாற்றலாகாது என்பர் அவர். ஆயின், பிளந்த உதட்டைத் தைப்பதையும் கோணிய பற்களை நேராக்குவதையும் அவர்கள் மறுப்பதில்லை. எனவே இயற்கை என்னும் அளவுகோல் இங்கு உறுதியாக நிற்பதில்லை. தன் உடல் தன் உரிமை, அதில் பிறர் தலையிடலாகாது என்பது மறுதரப்பினர் கூற்று. அதுவும் முழுமையான விடையன்று. தன் மூக்கைத் தானே வெறுத்தவனுக்கு அவ்வெறுப்பைக் கற்பித்தவர் பிறரே. 'முகங்கொடுத்துப் பேசுதல்', 'முகத்தில் விழித்தல்' என்னும் வழக்குகள் முகம் பிறரோடு கொள்ளும் உறவின் வாயிலென்பதைக் காட்டுகின்றன. அவ்வுறவில் விளைந்த நோயை ஒருவருடைய என்பிலும் கசியிழையத்திலும் மட்டும் தேடுதல் பொருந்துமா?

சிகிச்சைக்குப் பிற்பட்ட காலம் இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. மூக்கின்மேல் வைக்கப்பட்ட சிம்பு ஏறத்தாழ ஒரு வாரத்தில் அகற்றப்படும். கண்களைச் சுற்றிய கன்றல் இரு வாரமளவில் மறையும். மூக்கு நுனியின் விறைப்பும் நுண்ணிய வீக்கமும் நீங்க ஓராண்டும் செல்லலாம். ஆதலால், மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டுவோரை ஓராண்டேனும் பொறுத்திருக்குமாறு வைத்தியர் அறிவுறுத்துவர். அதுவரை கண்ணாடியில் தோன்றுவது பழைய முகமுமன்று. இறுதியான புதிய முகமுமன்று. தீர்ப்புக்கு அவசரப்படும் மனம், தீர்ப்பளிக்க இயலாத நிலையில் வாழவேண்டியிருக்கின்றது.

மனத்தின் காலக்கணக்கோ வேறு. ஒருவர் தம் புதிய முகத்திற்குப் பழக ஏறத்தாழ 21 நாட்கள் செல்வதாக அமெரிக்கச் சத்திரவைத்தியர் மக்ஸ்வெல் மோல்ற்ஸ் 1960இல் வெளியான தமது நூலில் எழுதினார். தோற்றம் தெளிவாக மாறிய பின்னரும் தாம் முன்போலவே இருப்பதாகக் கூறிய நோயாளர் சிலரையும் அவர் கண்டார். தன் உறுப்பு விகாரமானது என்னும் எண்ணமே ஒருவரை வாட்டும் நிலையை இத்தாலிய வைத்தியர் என்றிக்கோ மோர்செலி 1891இலேயே விவரித்திருந்தார். இத்தகையோர்க்குச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் நிறைவு தருவதில்லை. புண் ஆறியும் மனம் ஆறாமை இதுவே.

பேர்லின் வரலாறு மற்றோர் உண்மையையும் புலப்படுத்துகின்றது. யோசெப் ஒரு யூதர். அவரிடம் வந்தோரிலும் யூதர் பலர். கேலிச்சித்திரங்கள் மூக்கையே யூதரின் அடையாளமாக்கியிருந்த காலம் அது. அவர் 1934இல் மறைந்தார். மறு ஆண்டில் ஹிட்லரின் ஆட்சி இயற்றிய நியூரம்பேர்க் சட்டங்கள் எவருடைய மூக்கையும் அளக்கவில்லை. பாட்டன் பாட்டியரையே எண்ணின. வெறுப்புக்கு மூக்கு ஒரு சாட்டாகவே இருந்தது என்பதும், சாட்டினை அகற்றுவதால் வெறுப்பு அகலாது என்பதும் இதனாற் பெறப்படும்.

இதனைக் கொண்டு சத்திரசிகிச்சையை நாடியோரைப் பழித்தல் முறையன்று. சமுதாயம் திருந்தும்வரை துன்பத்தைத் தாங்கிக்கொள் என ஒருவருக்குக் கட்டளையிட நமக்கு உரிமையில்லை. அவர் தமக்கு எட்டிய மருந்தைத் தேடுகின்றார். ஆயின் அம்மருந்து நமது கடமையைத் தீர்த்துவிடுவதில்லை. கன்றிய கண்களோடு ஒருவர் நம்முன் வரும்போது, 'இது எதற்கு?' என வினவுவதும், பழைய மூக்கையும் புதிய மூக்கையும் ஒப்பிட்டு மதிப்பிடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்களே. பாராட்டுங்கூட, அவர் முன்பு குறையுடையவராயிருந்தார் என்னும் தீர்ப்பைத் தன்னுள் அடக்கியிருக்கக்கூடும்.

புண்ணை ஆற்றுவது உடலின் இயல்பு. அதற்கு வைத்தியரின் கைத்திறனும் நோயாளரின் பொறுமையும் போதும். மனம் ஆறுவதற்கு, அவர் முகத்தை அளந்து பாராது அவரோடு முகங்கொடுத்துப் பேசும் மனிதர் வேண்டும். அத்தகைய மனிதர் முன்னரே சூழ்ந்திருந்தால் அந்தப் புண் தேவைப்பட்டிருக்குமா என்பதே, கல்வி கற்ற சமுதாயமொன்று தன்னை நோக்கி எழுப்பவேண்டிய வினாவாகும்.