தட்டுவது தோல்வியா?

கடந்த ஆண்டு ஒரு புதன்கிழமை இரவு, என் வலது முழங்கையில் "டக்"கென்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் கையைப் பிடித்திருந்த தம்பி பதறிப்போய் விட்டுவிட்டான். "அண்ணே, ஓக்கேவாண்ணே? நீங்க ஏண்ணே தட்டல?" என்று கேட்டான். வலியைவிட அந்தக் கேள்விதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. நான் ஏன் தட்டவில்லை?

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் பழகுவது பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. குத்தும் உதையும் இல்லாத, பிடித்துச் சாய்த்துத் தரையில் கட்டுப்படுத்தும் கலை. மிட்சுயோ மயேடா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் 1914-இல் பிரேசிலுக்குப் போனார். அவர் வழியாகக் கற்ற கிரேசி குடும்பத்தார் அதை வளர்த்து உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தார்கள். இன்று நம் நாட்டிலும் நம் பிள்ளைகள் நிறைய பேர் இதைப் பழகுகிறார்கள்.

இந்தக் கலையில் ஒரு விதி உண்டு. இனி தப்ப முடியாது என்று தெரிந்தால் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். கை மாட்டியிருந்தால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம். ஜூடோவில் "மாயித்தா" என்பார்கள். தட்டிய அந்த நொடியே பிடித்தவர் விட்டுவிட வேண்டும். இந்த ஒரு விதியை நம்பித்தான் யார் என்றே தெரியாத இரண்டு பேர் ஒருவர் கழுத்தையும் கையையும் இன்னொருவரிடம் கொடுத்துப் பழகுகிறார்கள்.

அன்று நான் மாட்டியது ஆர்ம்பார் என்ற பிடியில். எதிராளி நமக்குக் குறுக்கே மல்லாந்து படுத்து, நம் ஒரு கையைத் தன் இரண்டு தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வார். அவர் கால்கள் நம் மார்பையும் முகத்தையும் அழுத்தும். நம் மணிக்கட்டைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து இடுப்பைத் தூக்குவார். நெம்புகோல் கணக்குதான். அவருடைய முதுகு, இடுப்பு, கால் எல்லாம் ஒரு பக்கம். நம்முடைய ஒரே ஒரு முழங்கை மறுபக்கம். அதனால்தான் அறுபது கிலோ ஆள் தொண்ணூறு கிலோ ஆளையும் தட்ட வைக்க முடிகிறது.

இதிலிருந்து விடுபட வழி இருக்கிறது. எங்கள் கோச் அதை மூன்று கட்டமாகச் சொல்லிக் கொடுப்பார்.

முதல் கட்டம், பிடி விழுவதற்கு முன்னால். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. புதிதாக வருகிறவன், எதிராளி மார்பின் மேல் ஏறி உட்கார்ந்ததும் பதறிப்போய் இரண்டு கைகளையும் நீட்டித் தள்ளுவான். நீட்டிய கைதான் மாட்டுகிற கை. எதிராளி அதைத் தேடிப் போக வேண்டியதே இல்லை, பதற்றத்தில் நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாம் கட்டம், கால் மேலே விழுந்துவிட்டது, ஆனால் கை இன்னும் மடங்கித்தான் இருக்கிறது. உடனே இரண்டு கைகளையும் கோத்துக்கொள்ள வேண்டும். போனை எடுத்துக் காதில் வைப்பதுபோல் கையை மடக்கிக் கொண்டுவருவதும் உண்டு. பிறகு முகத்தின் மேல் இருக்கும் காலை விலக்கி, எழுந்து அவர்மேல் எடையைச் சாய்த்து, முழங்கையை அவர் இடுப்பைத் தாண்டி இழுத்துவிட வேண்டும். முழங்கை இடுப்பைத் தாண்டிவிட்டால் நெம்புவதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் கட்டம், கை நீண்டுவிட்டது. அப்போதும் ஒரு வழி உண்டு. ரோட்டோரம் நின்று காரை நிறுத்தக் கட்டைவிரல் காட்டுவதுபோல் கையைத் திருப்பி, உடம்பையும் அதே போக்கில் உருட்டி வெளியே வர வேண்டும். அதற்கு இருப்பது ஒரு நொடி, ரெண்டு நொடி. அது தவறினால் தட்ட வேண்டும். நாலாவது கட்டம் என்று ஒன்று கிடையாது.

எனக்கு இது எல்லாமே தெரியும். மூன்று வருடமாகப் பழகுகிறேன், நீல பெல்ட். அந்தத் தம்பிக்குப் பத்தொன்பது வயது, வந்து நாலு மாதம், வெள்ளை பெல்ட். முதல் கட்டத்தில் அலட்சியமாக இருந்தேன். இரண்டாம் கட்டத்தில் "இவன் என்ன செஞ்சிடப் போறான்" என்று இருந்தேன். மூன்றாம் கட்டத்தில் உருளப் பார்த்தேன், முடியவில்லை. இடது கை சும்மாதான் இருந்தது. தட்டியிருக்கலாம். ஆனால் "நாலு மாசம் பழகின பையன்கிட்ட தட்டறதா? கோச் பார்த்துக்கிட்டிருக்காரே" என்ற நினைப்புதான் வந்தது. அந்த நினைப்பு முடிவதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

எலும்பு முறியவில்லை. மூட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார் கிழிந்திருந்தது. ஆறு வாரம் வலது கையால் சட்டை பட்டன்கூடப் போட முடியவில்லை. ஆறு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தால் மனுஷன் யோசிக்கத்தானே செய்வான்? நான் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். விட்டுக்கொடுக்காமல் இருப்பது வீரம்தானே? நாம் வலிக்குப் பயந்த இனமா? தைப்பூசத்துக்கு அலகு குத்தி, காவடி எடுத்து, பத்துமலையில் 272 படி ஏறுகிறவர்கள் அல்லவா நாம்?

நானும் காவடி எடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சமாதானம் என்னிடமே செல்லவில்லை. காவடிக்கு முன்னால் விரதம் இருக்கிறது. என்ன செய்யப் போகிறோம், யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து, மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் அந்த வலியை ஏற்கிறோம். அது "நான்" என்பதைக் கரைக்க ஏற்கும் வலி. மேட்டில் நான் ஏற்றது "நான்" என்பதைக் காப்பாற்ற. ரெண்டும் வலிதான், ஆனால் போகிற திசை நேரெதிர்.

அடுத்து ஜகாரே என் நினைவுக்கு வந்தார். பிரேசில் வீரர் ரொனால்டோ சோசாவை அப்படித்தான் அழைப்பார்கள். 2004 உலகப் போட்டியில், எல்லா எடைக்கும் பொதுவான பிரிவின் இறுதி ஆட்டம். ரோஜர் கிரேசி அவரை ஆர்ம்பாரில் பிடித்தார். கை முறிந்தது. ஜகாரே தட்டவில்லை. புள்ளிகளில் முன்னால் இருந்தவர், முறிந்த கையை பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு மீதி நேரத்தை ஓட்டி, உலகப் பட்டத்தை வென்றார். இந்தக் கலையைப் பழகுகிற எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே 2004-இல், ஜூன் மாதம், யூஎஃப்சி மேடையில் இன்னொன்று நடந்தது. ஃபிராங்க் மிர், டிம் சில்வியாவை ஆர்ம்பாரில் பிடித்தார். நடுவர் ஹெர்ப் டீன் ஓடிவந்து ஆட்டத்தை நிறுத்தினார். சில்வியாவோ தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வாதாடினார். பார்வையாளர்களும் நடுவரைக் கூச்சலிட்டுத் திட்டினார்கள். பிறகு பார்த்தால் முன்கை எலும்பு உண்மையிலேயே முறிந்திருந்தது. தன் கை முறிந்ததைத் தானே ஒப்புக்கொள்ளாத அளவுக்கு ஒரு மனுஷனின் மனம் அவனை ஏமாற்றும். அன்று சில்வியாவுக்காக உண்மையைப் பார்த்தவர் நடுவர். புதன்கிழமை கிளாஸில் எனக்கு நடுவர் யாரும் இல்லை. நானேதான் பார்க்க வேண்டும்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை, 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஸ்கூலில் படித்தபோது எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு படித்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. எதிராளியின் பலத்தைக் குறைத்து எடைபோட்டேன், அது வலி அறியாதது. விடுபட வேண்டிய நேரத்தைத் தவறவிட்டேன், அது காலம் அறியாதது. பயிற்சி வகுப்பை உலகப் போட்டியாக நினைத்தேன், அது இடம் அறியாதது. ஆழமான தண்ணீரில் முதலை ஜெயிக்கும், வெளியே வந்தால் தோற்கும் என்கிறார் வள்ளுவர். ஜகாரே என்ற சொல்லுக்கே போர்த்துகீசிய மொழியில் முதலை இனம் என்றுதான் பொருள். அவர் நின்றது அவருடைய தண்ணீர். நான் நின்றது எது?

இதுவரை நான் யோசித்ததெல்லாம் என்னைப் பற்றியே. என் கை, என் மானம், என் வலி. மூன்றாவது வாரம்தான் ஒரு செய்தி வந்தது. அந்தத் தம்பி பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டானாம். போன் செய்தேன். "பரவாலண்ணே, இது எனக்குச் சரிப்பட்டு வராது" என்றான். வற்புறுத்தி ஒரு மாமாக் கடைக்கு வரச் சொன்னேன். தே தாரேக் ஆறிக்கொண்டே இருந்தது, அவன் குடிக்கவில்லை. கட்டுப்போட்ட என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் சொன்னான்: "அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குதுண்ணே. ராத்திரி தூக்கம் வரல. நான் ஒரு ஆளோட கைய ஒடச்சிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டுவதும் தட்டாததும் என் சொந்த விஷயம் என்றல்லவா நினைத்திருந்தேன்? அவன் விதிப்படிதான் விளையாடினான். நான் தட்டியிருந்தால் விட்டிருப்பான். நான் தட்டாததால், யாரையும் காயப்படுத்த நினைக்காத ஒரு பையனைக் காயப்படுத்தியவனாக ஆக்கிவிட்டேன். என் அகங்காரத்தின் பாவத்தை அவன் தலையில் கட்டிவிட்டேன்.

அகிம்சை என்றால் அடுத்தவனை அடிக்காமல் இருப்பது என்றுதான் சின்ன வயதில் தேவார வகுப்பில் புரிந்துகொண்டேன். அடுத்தவன் கையால் ஹிம்சை நடக்க நான் காரணமாகாமல் இருப்பதும் அதில் சேர்த்தி என்று இப்போது நினைக்கிறேன். மாட்டிக்கொண்டேன் என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்வது சத்தியம். அப்படிப் பார்த்தால் தட்டுவது தோல்வியை ஒப்புக்கொள்வது மட்டும் இல்லை, கூட விளையாடுகிறவனுக்கு நான் செய்ய வேண்டிய கடமையும்கூட.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம். கீதையில் அர்ஜுனன் வில்லைக் கீழே போட்டபோது, கண்ணன் "சரி, விட்டுவிடு" என்றா சொன்னான்? எழுந்து போரிடு என்றுதானே சொன்னான்?

உண்மைதான். ஆனால் அதே கண்ணன்தான், ஜராசந்தன் திரும்பத் திரும்ப மதுரா மீது படையெடுத்தபோது, மக்களை அழைத்துக்கொண்டு துவாரகைக்குப் போனவன். குஜராத்தில் டாகோர் என்ற ஊரில் ரண்சோட்ராய் என்ற பெயரில் அவனுக்குக் கோயில் இருக்கிறது. ரண்சோட் என்றால் போர்க்களத்தை விட்டுப் போனவன் என்று அர்த்தம். நம் தர்மத்தில் களத்தை விட்டுப் போனதையே பெயராக வைத்து ஒரு தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள்! பிற்பாடு அந்த ஜராசந்தன் எப்படி மாண்டான்? கண்ணன் துணையிருக்க, பீமனோடு பல நாள் மற்போர் செய்து மாண்டான். நேரமும் இடமும் வந்தபோது அதே கணக்கு தீர்க்கப்பட்டது.

அர்ஜுனன் வில்லைப் போட்டது மயக்கத்தில். கண்ணன் மதுராவை விட்டது தெளிவில். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பின்வாங்கல்தான். ஆகவே விடலாமா கூடாதா என்பதற்கு எல்லா நேரத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இப்போது என்னைப் பிடித்து வைத்திருப்பது கடமையா, மானப் பிரச்சினையா? இதற்கான விலையை யார் கட்டப் போகிறார்கள்?

பிடித்திருப்பவனுக்கும் தர்மம் உண்டு. "அவன் தட்டல, அதனால ஒடச்சேன்" என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடாது. எங்கள் கோச் இப்போதெல்லாம் பயிற்சியில் கை முழுசாக நீண்டுவிட்டால், எதிராளி தட்டாவிட்டாலும் நீயே விட்டுவிடு என்கிறார். வென்றது உனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?

மேட்டுக்கு வெளியேயும் நாம் பல பிடிகளில் மாட்டுகிறோம். என்னோடு படித்த ஒருவன் ஆலோங்கிடம் இரண்டாயிரம் வெள்ளி கடன் வாங்கினான். கை மடங்கியிருந்தபோதே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். "எப்படிச் சொல்றது" என்று ஒரு வருடம் மறைத்தான். வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிய அன்றுதான் வீட்டுக்கே தெரிந்தது. கஷ்டப்பட்டது அவன் மட்டும் இல்லை, அவன் அம்மாவும் தங்கச்சியும்தான். யூனியில் பாடம் புரியாமல் இரண்டு செமஸ்டர் பெயிலாகியும் வீட்டில் சொல்லாதவர்கள், தப்பான கூட்டத்தில் சேர்ந்துவிட்டு வெளியே வரக் கூச்சப்படுகிறவர்கள், இப்படி நம்மிடையே எத்தனை பேர்! சீக்கிரம் சொன்னால் முழங்கையை இழுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் தாமதமானால் உருண்டாவது வரலாம். அதுவும் முடியாதபோது தட்டுங்கள். அப்பாவிடமோ, அக்காவிடமோ, இயக்கத்தில் இருக்கும் ஓர் அண்ணனிடமோ, "என்னால முடியல" என்று சொல்லுங்கள். கேட்கிற இடத்தில் இருப்பவர்களே, உங்களுக்கும் ஒன்று: ஒருவன் தட்டினால் உடனே விடுங்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று இன்னும் கொஞ்சம் முறுக்காதீர்கள். முறுக்கினால் அடுத்த முறை அவன் தட்டவே மாட்டான்.

அந்தத் தம்பியிடம் அன்று மாமாக் கடையில் மன்னிப்புக் கேட்டேன். "தப்பு உன்னோடது இல்ல, என்னோடது" என்றேன். அவன் உடனே நம்பவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் மறுபடி பயிற்சிக்குப் போன நாளில் அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். முதல் ஆட்டம் அவனோடுதான். கடைசியில் அவன் அதே ஆர்ம்பாரைப் பிடித்தான், ஆனால் பாதியில் பயந்து தளர்த்தினான். "பிடிடா தம்பி, சரியாப் பிடி" என்றேன். பிடித்தான். கைகளைக் கோத்தேன், பிரித்துவிட்டான். உருளப் பார்த்தேன், முடியவில்லை.

தட்டினேன். விட்டுவிட்டான். "இன்னொரு ரவுண்ட் போலாமாண்ணே?" என்று கேட்டான்.